நடுவில் வைத்தால் சத்தம் மெலிகிறதே?

கேள்வி: என் டெலிகாஸ்டர் வகை எலெக்ட்ரிக் கிட்டாரின் கழுத்துப் பக்க பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் காந்தச் சுருளை) நானே மாற்றினேன். இரண்டு பிக்கப்புகளும் தனித்தனியே நன்றாக ஒலிக்கின்றன. ஸ்விட்சை நடுவில் வைத்தால் மட்டும் மூக்கால் பாடுவதுபோல் மெலிந்துவிடுகிறது. அடுத்த வாரம் எங்கள் கோயிலில் (சர்ச்சில்) அசனப் பண்டிகை, சபையார் கூடி உண்ணும் விருந்து. பாடகர் குழுவோடு வாசிக்க வேண்டும்.
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: புது பிக்கப்பைத் திட்டாதீர்கள் தம்பி. அதன் இரண்டு வயர்களும் தலைகீழாக இணைந்திருக்கின்றன. ஸ்விட்ச் நடுவில் இருக்கும்போது இரண்டு பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கும்; அப்போது ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கிறது. வயரின் நிறத்தை நம்ப வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

முள் வைத்த பழைய மல்டிமீட்டர் கிடைத்தால் யோகம். பிக்கப் வயர்களைக் கழற்றி, மீட்டரை ஓம் அளவில் வைத்து இணையுங்கள். ஸ்குரூடிரைவர் நுனியை பிக்கப்பின்மேல் ஒட்டவைத்து வெடுக்கென்று எடுங்கள். முள் துள்ளும். மீட்டர் முனைகளை மாற்றாமல் அடுத்த பிக்கப்பிலும் பாருங்கள். ஒன்றில் மேலே, மற்றதில் கீழே துள்ளினால் சந்தேகமே இல்லை.

புதியதன் வயர்களை இடம் மாற்றிப் பற்றவையுங்கள். அதற்கு முன் அடிப்பக்கத்தைப் பாருங்கள்: பிக்கப்பின் உலோக மூடியையும் கிரவுண்ட் வயரையும் (எர்த் இணைப்பு) ஒரு குட்டிக் கம்பி இணைக்கும். அதை வெட்டி, மூடிக்குத் தனி வயர் போட்டு கிரவுண்டில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் மூடியில் விரல் பட்டதும் இரையும், பண்டிகைக் கூட்டமே திரும்பிப் பார்க்கும். கை அலுங்கக் கூடாது. சுருளில் இருப்பது தலைமுடியைவிட மெல்லிய செம்புக்கம்பி, அறுந்தால் போயிற்று.

கிரவுண்ட் வயரைப் பற்றவைக்கும்போது வால்யூம் கன்ட்ரோலின் முதுகில் ஈயம் ஒட்டாமல் உருண்டால் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு வையுங்கள்.