பந்தயக் குதிரையும் ஸ்டீராய்டும்: குதிரை மருத்துவரிடம் கேளுங்கள்

முரளி: டாக்டர், ஸ்டீராய்டு போட்டால் குதிரை நிஜமாகவே வேகமாக ஓடுமா?

ஊசி போட்ட மறுநாளே வேகம் வந்துவிடாது. ஸ்டானசோலால், போல்டெனோன், நான்ட்ரோலோன் போன்ற ஸ்டீராய்டுகள் பசியைத் தூண்டும், தசையை ஏற்றும். கடும் பயிற்சியிலிருந்து குதிரை சீக்கிரம் மீளும், அதனால் இன்னும் கடுமையாகப் பயிற்சி கொடுக்க முடியும். லாபம் அங்கேதான். அமெரிக்காவில் 2008 வரை பல மாநிலங்களில் இதற்குத் தடையே இல்லை. அந்த ஆண்டு கென்டக்கி டெர்பி, ப்ரீக்னஸ் என்ற இரண்டு பெரிய பந்தயங்களை ஜெயித்த பிக் பிரவுன் என்ற குதிரைக்கு மாதாமாதம் ஸ்டானசோலால் போட்டதைப் பயிற்சியாளர் ரிக் டட்ரோ வெளிப்படையாகவே சொன்னார். ஏப்ரலோடு ஊசி நின்றது. ஜூனில் பெல்மாண்ட் பந்தயத்தில் ஜாக்கி அதைப் பாதியிலேயே அடக்கிவிட்டார். ஊசி நின்றதுதான் காரணம் என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். குளம்பில் வெடிப்பும் இருந்தது, பின்கால் லாடமும் பிசகியிருந்தது. ஒரே காரணத்தில் முடிச்சுப் போட நான் தயாரில்லை.

கயல்: 2021 கென்டக்கி டெர்பியில் மெடினா ஸ்பிரிட் குதிரை மாட்டியதும் இதே மருந்தில்தானே?

இல்லை. அது பீட்டாமெத்தசோன், வீக்கத்தையும் வலியையும் அடக்கும் வேறு வகை ஸ்டீராய்டு. தசை ஏற்றாது. ஆனால் வலி தெரியாமல் ஓடும் குதிரை காலை முறித்துக்கொள்ளும், அதனால் அதற்குத் தனி விதி உண்டு.

ஜோசப்: ஓட்டம் முடிந்ததும் மூத்திரம், ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்களே, போதாதா?

போதாது. மருந்து உடம்பை விட்டுப் போன பிறகும் அது ஏற்றிய தசை தங்கிவிடும். லாயத்துக்கே போய், முன்னறிவிப்பில்லாமல் மாதிரி எடுக்க வேண்டும். 2013 ஏப்ரலில் இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் கோடோல்பின் என்ற பந்தய நிறுவனத்தின் லாயத்தில் அப்படித்தான் 45 குதிரைகளிடம் எடுத்தார்கள். 11 குதிரைகளில் ஸ்டீராய்டு இருந்தது. பயிற்சியாளர் மஹ்மூத் அல் சரூனிக்கு 8 ஆண்டுத் தடை. அவர் சொன்ன சமாதானத்தைக் கவனியுங்கள்: குதிரைகள் அப்போது பந்தயத்தில் ஓடவில்லை, அதனால் விதிமீறல் என்று தெரியவில்லையாம். பந்தய நாளை மட்டும் காவல் காத்தால் எல்லா லாயத்திலும் இதே பதில்தான் வரும்.

அன்வர்: அப்படியானால் என்கே என்ற குதிரை 2012இல் ஜெயித்த செயின்ட் லெஜர் பந்தயம் செல்லுமா? அதில் தோற்ற கேம்லாட் குதிரைக்கு மும்முடிப் பட்டம், அதாவது மூன்று பெரிய பந்தயங்களையும் ஜெயிக்கும் பெருமை, போனதே!

என்கேயும் அதே லாயம்தான். 2013இல் அதற்கும் ஸ்டானசோலால் பாசிடிவ். ஆனால் லெஜர் ஓடியது அதற்கு முந்தைய செப்டம்பரில். அன்றைக்கு ஊசி இருந்ததற்குச் சான்று இல்லாமல் பட்டத்தைப் பிடுங்க முடியாது.

ஜோசப்: சான்று இல்லாததே உங்கள் வாதத்துக்குச் சான்று இல்லையா டாக்டர்?

ஆமாம், சரியாகப் பிடித்தீர்கள். கேம்லாட் முக்கால் குதிரை நீளத்தில் தோற்றது. 1970இல் நிஜின்ஸ்கி என்ற குதிரை வென்ற பிறகு இங்கிலாந்தில் எந்த ஆண் குதிரைக்கும் கிடைக்காத மும்முடி அது. லாயத்தில் சோதனை முறையாக நடந்திருந்தால் இன்று நாம் ஊகித்துக்கொண்டிருக்க மாட்டோம்.

அன்வர்: அப்போ கேம்லாட் ஏமாற்றப்பட்டது என்று ஒத்துக்கொள்கிறீர்கள்!

இல்லை, அன்வர். சந்தேகம் வேறு, தீர்ப்பு வேறு. இதோடு விடுவோம்.

ரேவதி: பீட்டாமெத்தசோன் தசை ஏற்றுமா?

கயலுக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். முதலில் எந்த ஸ்டீராய்டு என்று பெயரைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

தமிழ்ச்செல்வன்: ஆண் குதிரைக்கு டெஸ்டோஸ்டிரோன் இயற்கையாகவே இருக்குமே?

நல்ல கேள்வி. காயடிக்காத ஆண் குதிரையின் உடம்பில் போல்டெனோனும் நான்ட்ரோலோனும்கூடத் தானாகவே கொஞ்சம் இருக்கும். அதனால் காயடித்ததற்கும் பெட்டைக்கும் தனித்தனி வரம்பு வைக்கிறார்கள். வெளியிலிருந்து ஏற்றியதா என்பதை முடியைச் சோதித்துப் பின்னோக்கிப் பார்க்கலாம். மூத்திரத்தில் மறைந்தது முடியில் தங்கியிருக்கும்.

சுகன்யா: எங்கள் குதிரை மெலிந்துபோனது, ஊசி போடலாமா?

பல்லையும் குடற்புழுவையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். லேபிள் இல்லாத பாட்டிலைத் தொடாதீர்கள்.

பாஸ்கர்: நோயிலிருந்து தேறும் குதிரைக்குக்கூடக் கொடுக்கக் கூடாதா?

பிரிட்டன் 2015இல் கொண்டுவந்த விதிப்படி, ஒருமுறை தசை ஏற்றும் ஸ்டீராய்டு போட்டால் அந்தக் குதிரை 14 மாதம் ஓட முடியாது. அமெரிக்காவிலும் 2023 மே முதல் ஒரே தேசிய விதி, பயிற்சிக் காலத்துக்கும் சேர்த்து. கடுமை என்று பயிற்சியாளர்கள் முறையிடுகிறார்கள். தேற வேண்டிய குதிரைக்கு ஓய்வு கொடுங்கள், 14 மாதம் அதற்கு ஒன்றும் அதிகமில்லை.