இணைய அமர்வில் கதை வாசித்தால் கதை கைவிட்டுப் போய்விடுமா?

கேள்வி: ஐயா, நான் சிறுகதை எழுதுகிறேன். ஒரு நகரத்து இலக்கியத் திருவிழாவின் இணைய அமர்வில் பேச அழைத்திருக்கிறார்கள். நாற்பது நிமிடம். ஜூமில் என் கதை ஒன்றை வாசித்துவிட்டு அதைப் பற்றி உரையாட வேண்டும். யூடியூபிலும் நேரலையாகப் போகுமாம். நேற்று இரவு ஆங்கிலத்தில் ஒரு படிவம் அனுப்பி, இரண்டு நாளில் கையொப்பமிட்டுத் தரச் சொல்கிறார்கள். அமர்வில் வரும் எல்லாவற்றின் உரிமையும் நிரந்தரமாக விழாக் குழுவுக்கே என்று அதில் இருக்கிறது. அந்தக் கதை அடுத்த ஆண்டு என் தொகுப்பில் வரப்போகிறது. கையொப்பமிட்டால் கதை என்னைவிட்டுப் போய்விடுமா? முதலில் காப்புரிமை பதிவு செய்துவிடுங்கள், எட்டாயிரம் ரூபாய் ஆகும், நான் முடித்துத் தருகிறேன் என்கிறார் ஒருவர். செய்யட்டுமா?

பதில்: வாசிப்பதால் கதை போகாது. கையொப்பத்தால் போகலாம். அதனால் அமர்வை விட்டுவிடாதீர்கள். படிவத்தையும் வந்தபடியே திருப்பி அனுப்பாதீர்கள்.

எட்டாயிரம் ரூபாய் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் மாதத்துக்கு இரண்டு பேராவது இந்தக் குழியில் விழுந்துவிட்டு என்னிடம் வருகிறார்கள். கதைக்கு உள்ளது பதிப்புரிமை. காப்புரிமை என்று பொதுவாகச் சொல்வது கண்டுபிடிப்புகளுக்கு. பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயமே இல்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் எழுதி முடித்தபோதே அது உங்களுடையதாகிவிட்டது. உங்கள் வாழ்நாள் முழுக்கவும், அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் அது நிற்கும். ஒரு சான்றாக இருக்கட்டும் என்று பதிவு செய்ய விரும்பினால், இலக்கியப் படைப்புக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய். பதிப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். இடைத்தரகர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? விண்ணப்பம் போட்டதும் வரும் டைரி எண்ணை அழகான தாளில் அச்சடித்து, இதுதான் சான்றிதழ் என்று கையில் கொடுத்துவிடுகிறார்கள். டைரி எண் என்பது விண்ணப்பம் வந்து சேர்ந்ததற்கான அடையாளம் மட்டும்தான். அதன்பின் யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று பார்க்க 30 நாள் காத்திருப்பு, அப்புறம் பரிசீலனை, அப்புறம் அது எங்கே இருக்கிறது என்று நாம் தேடிக்கொண்டிருக்க வேண்டும். ஐந்து பக்கக் கதைக்கு இந்த அலுவலகம் ஏன் இவ்வளவு காலம் எடுத்துக்கொள்கிறது என்று எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை. எப்படியும் உங்கள் அமர்வுக்கு முன்னால் அது வரப்போவதில்லை. அந்த எட்டாயிரம் உங்களிடமே இருக்கட்டும்.

இனி படிவம். உங்கள் அமர்வில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. ஒன்று உங்கள் கதை. மற்றொன்று அந்த நாற்பது நிமிடப் பதிவு. அசையும் படமாகப் பதிவான எதையும் சட்டம் திரைப்படம் என்ற வகையிலேயே வைக்கிறது. உங்கள் ஜூம் பதிவும் அதில்தான் வரும், அதைத் தயாரித்தவர் என்ற முறையில் பதிவு விழாக் குழுவுடையது. அதில் சண்டை போட ஒன்றுமில்லை. ஆனால் பதிவு அவர்களுடையது என்பதால் அதற்குள் வாசிக்கப்பட்ட கதையும் அவர்களுடையது ஆகிவிடாது. நீங்கள் பேசும் பேச்சும் அப்படித்தான். பொதுவில் நிகழ்த்தும் உரைக்கு அதை நிகழ்த்தியவரே முதல் உரிமையாளர். ஏற்பாடு செய்தவரோ இடம் கொடுத்தவரோ அல்ல என்று சட்டத்தின் 17ஆவது பிரிவு சொல்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. நிகழ்த்துகலைஞர் யார் யார் என்று சட்டம் தரும் பட்டியலில் நடிகர், பாடகர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டி ஆகியோரோடு சொற்பொழிவு ஆற்றுபவரும் இருக்கிறார். அந்த வகையில் உங்கள் நிகழ்வின்மேல் உங்களுக்கு 50 ஆண்டு உரிமை உண்டு.

இவ்வளவும் கையொப்பமிடும் வரைதான்.

படிவத்தில் 'அசைன்' என்ற ஆங்கிலச் சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அது கிரயப் பத்திரம். 'லைசென்ஸ்' என்று இருந்தால் அது வாடகை ஒப்பந்தம். விழாவுக்குத் தேவை வாடகைதான். பல விழாக்கள் கேட்பது கிரயம். அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஏதோ ஒரு படத்தயாரிப்பு நிறுவனத்தின் ஒப்பந்தத்தை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி எல்லாருக்கும் அனுப்பிவிடுகிறார்கள். சென்ற ஆண்டு என்னிடம் வந்த ஒரு படிவத்தின் நான்காவது பத்தியில், "பிரபஞ்சம் முழுவதும், இப்போதுள்ள, இனி கண்டுபிடிக்கப்படும் எல்லா ஊடகங்களிலும், நிரந்தரமாக" என்று இருந்தது. அதைக் கொண்டுவந்தவர் பன்னிரண்டு வரிக் கவிதை ஒன்றை வாசிக்கப் போகிறவர். பல மாதங்களுக்கு முன்பே தேதி குறிக்கத் தெரிந்தவர்களுக்கு, படிவத்தை ஒரு வாரம் முன்னதாக அனுப்ப மட்டும் ஏன் முடிவதில்லை? அவசரத்தில் கையொப்பமிடும் எழுத்தாளர்தான் இதில் இழக்கிறார்.

சட்டம் இங்கே உங்கள் பக்கம் கொஞ்சம் நிற்கிறது. எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றுதான் பொருள். எந்த நாடுகளுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். இனி வரப்போகும் ஊடகம் என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் போதாது. இன்று புழக்கத்தில் இல்லாத ஊடகத்துக்கும் உரிமை போக வேண்டுமென்றால் அதைக் குறிப்பாகச் சொல்லியிருக்க வேண்டும். இது 2012இல் வந்த திருத்தம். ஆனால் படிவத்தில் 'நிரந்தரமாக' என்று இருந்து, நீங்களும் கையொப்பமிட்டுவிட்டால் அந்த 5 ஆண்டுக் கணக்கு உங்களுக்கு உதவாது.

அதனால் செய்ய வேண்டியது இதுதான். படிவத்தை அச்செடுங்கள். உரிமை மாற்றம் பற்றிய வாக்கியத்தின் மேல் பேனாவால் ஒரே கோடு போடுங்கள். கீழே இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். ஓரத்தில் சுருக்கொப்பமும் தேதியும் இடுங்கள். அதன் கீழே இப்படி எழுதுங்கள்: "இந்த அமர்வின் பதிவை விழாவின் யூடியூப் சேனலிலும் இணையதளத்திலும் 3 ஆண்டுகள் இலவசமாகக் காட்ட மட்டும் அனுமதிக்கிறேன். வாசிக்கப்படும் கதையின் பதிப்புரிமை முழுவதும் என்னிடமே இருக்கும். அச்சு, ஒலிநூல், மொழிபெயர்ப்பு, செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி ஆகிய எதற்கும் இதில் அனுமதி இல்லை. துணுக்குகளை வெளியிடும் முன் எனக்குக் காட்ட வேண்டும்." கையொப்பமிட்டு ஸ்கேன் செய்து அனுப்பிவிடுங்கள். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். நீளத்துக்காகப் பேச்சை வெட்டுவது மட்டுமே பேசியவரின் பெயருக்குக் களங்கம் ஆகாது என்று சட்டமே சொல்கிறது. நாற்பது நிமிடப் பேச்சிலிருந்து நாற்பது நொடியை எடுத்து ரீல்ஸில் போட்ட பிறகு வருந்திப் பயனில்லை.

கூகுள் படிவமாக இருந்து, டிக் அடிக்க ஒரு கட்டம் மட்டும் இருந்தால்? டிக் அடிக்காதீர்கள். மேலே சொன்ன வாசகத்தை மின்னஞ்சலில் அனுப்பி, "இந்த நிபந்தனையோடு கலந்துகொள்கிறேன்" என்று எழுதுங்கள். டிக் அடித்தது கையொப்பம் ஆகுமா என்று வக்கீல்கள் நாங்கள் நாள்முழுக்க வாதாடலாம். அந்த வழக்கு உங்களுடையதாக இருக்க வேண்டாம்.

ஒரே ஒரு இடத்தில் நான் இதுவரை சொன்னது செல்லாது. அதைக் கவனமாகப் படியுங்கள். தொகுப்பு அடுத்த ஆண்டு வருகிறது என்கிறீர்கள். பதிப்பாளரோடு ஒப்பந்தம் போட்டுவிட்டீர்களா? போட்டிருந்தால் அதை எடுத்துப் பாருங்கள். அச்சுரிமை மட்டும் கொடுத்திருந்தால் பிரச்சினை இல்லை. ஒலி உரிமையோ 'எல்லா வடிவங்களும்' என்ற சொல்லோ அதில் இருந்தால், யூடியூபில் கதையை முழுதாக வாசிக்க அனுமதி கொடுக்க வேண்டியவர் பதிப்பாளர். ஒருவருக்குக் கிரயம் செய்த நிலத்தை இன்னொருவருக்கு வாடகைக்கு விட முடியாது. நீங்கள் எழுதிய கதையாக இருந்தாலும் முடியாது. இதைச் சொன்னால் எழுத்தாளர்கள் கோபப்படுகிறார்கள். நியாயமான கோபம்தான், ஆனால் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். விழாப் படிவத்திலோ, இந்தப் படைப்பு முழுக்க என்னுடையது, வேறு யாருக்கும் இதில் பாத்தியதை இல்லை என்று ஓர் உறுதிமொழி கட்டாயம் இருக்கும். பதிப்பாளருக்குக் கொடுத்துவிட்டு அதிலும் கையொப்பமிட்டால் இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்வீர்கள். பதிப்பாளருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போதும்: "இன்ன தேதியில் இன்ன கதையை வாசிக்கிறேன், ஆட்சேபணை இல்லை என்று பதில் தாருங்கள்." வாய்ச்சொல்லாக வாங்காதீர்கள். வாட்ஸப்பில் கட்டைவிரலும் போதாது. பதில் எழுத்தில் வர வேண்டும். வராவிட்டால் அந்தக் கதையை விட்டுவிட்டு, ஒப்பந்தத்தில் இல்லாத வேறு கதையை வாசியுங்கள்.

எதை வாசித்தாலும் முழுக் கதையை வாசிக்காதீர்கள் என்பேன். மூன்றில் ஒரு பங்கு போதும். சரியான இடத்தில் நிறுத்தினால் கேட்டவர் தொகுப்பைத் தேடி வருவார்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. விழாவில் பேச இடம் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவர்கள் இணைய அமர்வுகள் வந்தபின் பெருகிவிட்டார்கள். மண்டபம் வேண்டாம், பயணச்செலவு வேண்டாம், ஒரு ஜூம் இணைப்பு போதும் அவர்களுக்கு. எனக்குத் தெரிந்த ஒரு கவிஞர், ஓய்வுபெற்ற ஆசிரியை, ஒருங்கிணைப்பாளர் என்று சொல்லிக்கொண்ட ஒருவருக்கு 25,000 ரூபாய் கட்டினார். அன்று மாலை பட்டுப்புடவை கட்டி, பேத்தி மடிக்கணினியைப் புத்தக அடுக்கின் மேல் வைத்துக்கொடுக்க, உட்கார்ந்தார். திரையில் முப்பது சதுரங்கள். முப்பதும் அவரைப் போலவே பணம் கட்டிய கவிஞர்கள். ஆளுக்கு நான்கு நிமிடம். கேட்பதற்கென்று வந்தவர் ஒருவரும் இல்லை. முறையான விழா எழுத்தாளரிடம் பணம் வாங்காது. முடிந்தால் கொடுக்கும், முடியாவிட்டால் முடியாது என்று சொல்லும். உங்களிடம் பதிவுக் கட்டணம், சான்றிதழ்க் கட்டணம், தொகுப்பு நூலுக்கான பங்கு என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பார்வையாளரிடம் கட்டணம் வாங்கும் அமர்வு என்றால், எனக்கு என்ன மதிப்பூதியம் என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

நாளை அனுமதியை மீறிக் கதையை வேறெங்காவது போட்டுவிட்டால், யூடியூபிலேயே பதிப்புரிமைப் புகார்ப் படிவம் இருக்கிறது, காசு இல்லை. அதற்கும் ஆள் பிடிக்காதீர்கள். நம் விதிகளின்படி இணையதளங்களுக்கு எழுத்தில் புகார் போனால், அது சரியென்று பட்டால் 36 மணி நேரத்துக்குள் முடக்க வேண்டும்; 21 நாளுக்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் மறுபடி திறந்துவிடலாம். சிறுகதை எழுதுகிற ஒருவர் 21 நாளில் எந்த நீதிமன்றத்தில் உத்தரவு வாங்குவார்? விதியை எழுதியவர்கள் நீதிமன்ற வராண்டாவில் ஒரு நாளாவது காத்திருந்திருந்தால் அந்த எண்ணைப் போட்டிருக்க மாட்டார்கள். அதனால்தான் கோடு போடும் வேலையை இப்போதே செய்யச் சொல்கிறேன்.

கோடு போட்ட படிவத்துக்குப் பெரும்பாலும் எதிர்ப்பே வராது. ஒருங்கிணைப்பாளர் "சரி" என்று ஒரு வரி அனுப்புவார். அந்த மின்னஞ்சலை அழிக்காமல் வைத்திருங்கள். "எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், நீங்கள் மட்டும்தான் பாக்கி" என்று பதில் வந்தால், கதை வாசிப்பை நிறுத்திக்கொண்டு உரையாடலுக்கு மட்டும் வருவதாகச் சொல்லுங்கள்.