பழைய .32-20 லீவர் ரைபிளில் நானே வார்த்த ஈயக் குண்டு ஏன் குறியில் படுவதில்லை?

வின்செஸ்டர் 1892 ரைபிள், குண்டை நீங்களே வார்த்து 0.311 அங்குல சைசிங் டையில் (குண்டை ஒரே விட்டத்துக்கு இறுக்கும் அச்சு) தள்ளி எடுக்கிறீர்கள், ஐம்பது கெஜத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சிதறுகிறது, பேரலுக்குள் ஈயம் ஒட்டுகிறது, இன்னும் கடினமான ஈயக் கலவைக்கு மாறவா என்று கேட்டிருக்கிறீர்கள். மாறாதீர்கள். இதே யோசனையில் ஒன்றரை வருடத்தைத் தொலைத்தவன் நான்.

சண்டைக்கு வரக் காத்திருப்பவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. நான் இருப்பது அமெரிக்காவில், பென்சில்வேனியாவில். இங்கே சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்புவது தச்சுவேலை மாதிரி ஒரு பொழுதுபோக்கு. ஊரிலிருந்து வாசிப்பவர்கள் யாரும் முயல வேண்டாம், 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். இங்கேயே கூட எச்1பி விசாவில் இருப்பவர்கள் தோட்டாவை வைத்திருப்பதற்கே கூட்டாட்சிச் சட்டத்தில் தடை உண்டு, விதிவிலக்குகள் கொஞ்சம்தான். நான் பச்சை அட்டை கைக்கு வந்த பிறகுதான் துப்பாக்கிக் கடைப் படியே ஏறினேன். "தமிழனுக்கு எதற்குத் துப்பாக்கி" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. நான் சுடுவது காகிதத்தை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் குண்டு உங்கள் பேரலுக்கு ஒல்லி. பேரலை அளந்து பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள், நானும் பார்க்கவில்லை. இத்தனைக்கும் நான் கோயம்புத்தூரில் லேத் பட்டறைக்காரர் மகன், இங்கே பார்ப்பது தரக்கட்டுப்பாட்டு வேலை, காலை எட்டிலிருந்து மாலை நான்கு வரை கையில் மைக்ரோமீட்டர். அடுத்தவன் செய்த பாகத்தில் முடி அளவு பிசகினால் திருப்பி அனுப்புகிறவன், வீட்டுக்கு வந்து பேரலில் ".32" என்று குத்தியிருந்ததை அப்படியே நம்பினேன்.

அந்த ".32" வெறும் பெயர். .32-20 தோட்டா வந்தது 1882இல், பின்னால் இருக்கும் 20 அதில் அன்று போட்ட கரிமருந்தின் எடை, கிரெயின் என்ற சிறிய எடை அளவில். பேரலின் உட்சுவரில் வெட்டிய சுருள் வரிகளின் அடிவரை அளந்தால் 0.312 அங்குலம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஆனால் நூறு வருடப் பேரல் கணக்குப் பார்த்து நடக்குமா? முன்னால் கரிமருந்து, அப்புறம் துருப்பிடிக்க வைக்கும் பழைய பிரைமர் (தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி), போதாததற்கு இந்த ரைபிளின் பின்பக்கம் மூடியிருப்பதால் மூன்று தலைமுறை ஆட்கள் வாய்ப்பக்கமிருந்தே இரும்புக் கம்பியை விட்டுத் தேய்த்திருக்கிறார்கள்.

எனக்கும் உங்களைப் போலத்தான் சிதறியது. யாரைக் கேட்டாலும் ஈயம் மென்மை, கடினமாக்கு என்றார்கள். பழைய அச்சகங்களில் எழுத்து வார்த்த லைனோடைப் உலோகத்தைத் தேடிப் பிடித்து, யானை விலை கொடுத்து வாங்கினேன். அதில் 12 சதவீதம் ஆன்டிமனி, 4 சதவீதம் வெள்ளீயம், மீதி காரீயம். குண்டு பளபளவென்று கண்ணாடி மாதிரி வந்தது. சுட்டால் முன்பைவிட மோசம்! காரணம் பிறகுதான் உறைத்தது. மென்மையான குண்டென்றால் மருந்தின் அழுத்தத்தில் அடிப்பக்கம் கொஞ்சம் விரிந்து வரிகளை அடைத்துக்கொள்ளும். இந்தத் தோட்டாவில் அழுத்தம் குறைவு, லைனோடைப் அதற்கு அசையாது. இடைவெளி வழியாகச் சூடான வாயு பீறிட்டு, குண்டின் விளிம்பை அரித்து, அதைப் பேரலில் பூசிவிட்டுப் போகிறது. சின்ன வயதில் எங்கள் தெருவுக்குப் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச ஒருவர் வருவார், அவர் வேலையை என் ரைபிள் இலவசமாகச் செய்துகொண்டிருந்தது.

கலவைக்காக டயர் கடைகளிலும் அலைந்தேன். ஒரு காலத்தில் சக்கரத்துக்குப் பேலன்ஸ் பார்க்கும் ஈயக்கட்டிகளை வாளி வாளியாகச் சும்மா தருவார்களாம். இப்போது பாதிக்கு மேல் இரும்பும் துத்தநாகமும். காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும், துத்தநாகத்துக்கு 419 வேண்டும், அதனால் சூட்டை அடக்கி வைத்தால் துத்தநாகக் கட்டி மிதக்கும், கரண்டியில் அள்ளி எறிந்துவிடலாம். கவனிக்காமல் அதுவும் கலந்துவிட்டால் சட்டி முழுக்கப் பாழ். அப்படி ஈயம் கேட்கப் போன ஒரு கடையில், என் காரின் டயர் நான்கும் ஆபத்தான நிலையில் இருப்பதாகப் பயமுறுத்தி நான்கையும் மாற்றி, அலைன்மென்ட் என்று தனியாகவும் பணம் வாங்கினார்கள். அடுத்த மாதம் வண்டி இடதுபக்கம் இழுக்கிறதே என்று வேறு இடத்தில் காட்டினால், இதை யாரும் தொட்டதாகவே தெரியவில்லை என்கிறார்கள். ரசீதோடு திரும்பிப் போனேன், மேலாளர் விடுமுறை. மூன்று முறை போனேன், மூன்று முறையும் விடுமுறை! அளந்து பார்க்காமல் அளந்தேன் என்று சீட்டில் எழுதிக் காசு வாங்குகிறவனை எங்கள் பட்டறையில் அப்பா ஒரு நாள் கூட வைத்திருக்க மாட்டார்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெறுத்துப்போய்ப் பேரலை அளந்தேன். ரைபிளில் தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, பேரலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டைத் திறந்து வைத்து, பேரலில் லேசாக எண்ணெய் விட்டு, மென்மையான தூண்டில் ஈயம் ஒன்றை வாய்ப்பக்கம் வைத்து, பித்தளைக் கம்பியால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால் அது பின்பக்கம் வந்து விழும், வரிகளின் அச்சோடு. அதை மைக்ரோமீட்டரில் பிடித்தால் 0.3135. நான் சுட்டுக்கொண்டிருந்தது 0.311. குண்டு பேரலைவிட அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு பெருத்திருக்க வேண்டும், என்னுடையது இரண்டரைப் பங்கு இளைத்திருந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சைசிங் டையை 0.3145க்கு மாற்றினேன், கலவையை இருபது பங்கு காரீயம், ஒரு பங்கு வெள்ளீயம் என்று மென்மைக்குக் கொண்டுவந்தேன். மருந்து அதே மருந்து, மோல்டும் அதேதான். ஐம்பது கெஜத்தில் இரண்டு அங்குலத்துக்குள் விழுகிறது, பேரலில் ஈயம் இல்லை.

ஆனால் பருத்த குண்டில் ஒரு சிக்கல் உண்டு. நிரப்பிய தோட்டா சேம்பருக்குள் (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) தங்குதடையின்றிப் போக வேண்டும், லீவரை அழுத்தி மூட வேண்டியிருந்தால் சுடக்கூடாது. முதலில் குண்டும் பித்தளைக் கூடும் மட்டும் வைத்து, மருந்தும் பிரைமரும் இல்லாமல் ஒன்று செய்து போட்டுப் பாருங்கள். .32-20 கூட்டின் கழுத்து காகிதம் மாதிரி, வாயைக் கொஞ்சம் விரிக்காமல் குண்டை இறக்கினால் கசங்கிவிடும். மூக்கு தட்டையான குண்டுதான் வேண்டும், தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் குழாய் மேகசினில் ஒன்றின் மூக்கு முன்னதன் பிரைமரில் முட்டி நிற்கும், கூராக இருந்தால் அதைக் குத்தி வெடிக்க வைத்துவிடலாம். கூட்டின் வாயைக் குண்டின்மேல் இறுக்கும் கிரிம்ப் சரியில்லாவிட்டால் ஸ்பிரிங் அழுத்தத்தில் குண்டு உள்ளே போய்விடும்.

மருந்து எத்தனை கிரெயின் என்று என்னைக் கேட்காதீர்கள், அச்சிட்ட கையேட்டைப் பாருங்கள், அதிலும் 1892க்குச் சொன்னதை 1873 மாடலில் போட்டுவிடாதீர்கள், அதன் பூட்டு பலவீனமானது. வேகமாக எரியும் மருந்து என்றால் இரண்டு தடவை கொட்டினாலும் கூட்டில் அடங்கிவிடும், அதனால் குண்டு வைக்கும் முன் தட்டிலிருக்கும் எல்லாக் கூட்டிலும் டார்ச் அடித்துப் பார்ப்பேன். உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் வெடித்துச் சிதறும். ஈயச்சட்டி கராஜை விட்டு உள்ளே வரக்கூடாது என்பது என் மனைவியின் உத்தரவு. ஈயச் சொம்பில் ரசம் வைக்கிறோமே என்று ஒருமுறை வாய்விட்டேன், அது வெள்ளீயம், இது காரீயம், குழந்தைகள் இருக்கிற வீடு என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பேரலை அளந்துவிட்டு எத்தனை வந்தது என்று எழுதுங்கள். 0.310க்குக் கீழே வந்தால் நான் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது, வேறு காரணம் தேடுவோம்.