கதை பாதியிலேயே வகுப்பு சலசலக்கிறதா?

இரண்டாம் வகுப்பில் சாகசக் கதை வாசித்தால் முதல் இரண்டு பக்கம் கண்கொட்டாமல் கேட்கிறார்கள், பிறகு ஒரே சலசலப்பு என்று எழுதியிருந்தீர்கள். கதையில் கோளாறு இருக்காது டீச்சர். ஒரே மூச்சில் ஒரு அத்தியாயம் என்பது அந்த வயதுக்கு அதிகம். பத்து நிமிடத்தோடு நிறுத்துங்கள், அதுவும் சரியாக ஆபத்தான இடத்தில். கயிறு அறுந்து படகு நகரத் தொடங்கியதா, புத்தகத்தை மூடிவிட்டு "அடுத்து என்ன செய்வான்?" என்று கேளுங்கள். "நீந்துவான்" என்று ஒரு பிள்ளை சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். "ஏன் அப்படி நினைக்கிறாய்? அவனுக்கு நீச்சல் தெரியும் என்று கதையில் எங்கே வந்தது?" இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் பிள்ளைகள் கேட்டதையெல்லாம் மனதில் திரும்பப் புரட்டுவார்கள். தேர்வு வைத்து நாம் தேடும் வாசிப்புப் புரிதல் இதுதானே!

கரும்பலகையில் ஒரு வரைபடமும் இருக்கட்டும்: குகை, ஆறு, பாலம். நாயகன் நகர நகர ஒரு பிள்ளை வந்து அம்புக்குறியை நீட்டட்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைக்கே இந்த வேலையை முதலில் கொடுங்கள்.

அருஞ்சொற்களை முன்கூட்டியே எழுதவைப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள், கதையின் உயிரே போய்விடும். பயப்படும் பிள்ளை இருந்தால் "இவன் தப்பித்துவிடுவான்" என்று காதோடு சொல்லிவிடலாம், தப்பில்லை.