கொழும்பில் ஜேட் செடி ஏன் அழுகிப்போகிறது? எப்படிப் பராமரிப்பது?

ஜேட் என்பது தடித்த இலையிலும் தண்டிலும் தண்ணீரைச் சேமித்து வைக்கும் செடி. அதன் சொந்த இடம் தென்னாபிரிக்காவும் மொசாம்பிக்கும். வறண்ட, கல்லு நிறைந்த சரிவுகளில் வளர்ந்து பழகியது. பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்துதான் காற்றை உள்ளே எடுக்கும். அதனால் வெயிலில் தண்ணீர் அதிகம் ஆவியாகாது.

தொடர்மாடியின் தண்ணீர்த் தாங்கியை நினைத்துப் பாருங்கள். நிரம்பிய பிறகும் மோட்டரை ஓடவிட்டால் தண்ணீர் வழிந்து சுவர் ஊறும். ஏற்கெனவே தண்ணீர் சேமித்திருக்கும் ஜேட்டுக்கு மேலும் மேலும் ஊற்றினால் ஊறுவது வேர். மண்ணில் காற்றுக்கு இடமில்லாமல் வேர் மூச்சுமுட்டி அழுகிவிடும். கொழும்பின் ஈரக்காற்றில் சாடி மண் காயவும் நாளெடுக்கும்.

ஆகவே கிழமைக் கணக்கு வைத்துத் தண்ணீர் ஊற்றுவதை விடுங்கள். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள்; ஈரம் தட்டினால் அன்றைக்கு ஊற்ற வேண்டாம். அடியில் துளையுள்ள மண்சாடி, பாதிக்குப் பாதி பருமணல், காலை வெயில் படும் பல்கனி, இவை போதும். மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கினால் சாரல் படாத பக்கம் நகர்த்துங்கள். வெள்ளவத்தையில் என் செடியை அப்படித்தான் காப்பாற்றினேன். அப்புறம், கிளை வெட்டி நடுவதென்றால் வெட்டுவாய் காய இரண்டு மூன்று நாள் நிழலில் வைத்துவிட்டு நடுங்கள்.

இலை உதிர்ந்தாலே தாகம் என்று பலர் நினைக்கிறார்கள். தாகமெடுத்த இலை சுருங்கும், மஞ்சளாகிக் கொழகொழவென்று விழும் இலை தண்ணீர் கூடியதால் விழுகிறது.