பழைய வீட்டை இடிப்பதா, வைத்துக்கொள்வதா? கேள்வி பதில்

சென்னையிலும் புதுச்சேரியிலும் சுண்ணாம்புக் காரை வீடுகளைச் சீரமைக்கும் கட்டட வடிவமைப்பாளன் நான். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

மயிலாப்பூரிலிருந்து: தாத்தா கட்டிய வீடு, ஒன்றரை கிரவுண்ட். பில்டர் பாதிக்குப் பாதி தருகிறேன் என்கிறார். இரண்டு அண்ணன்களும் அக்காவும் சரி சொல்லிவிட்டார்கள். எனக்குத்தான் மனமில்லை. காப்பாற்ற வழி உண்டா சார்?

முதலில் அவர்கள் பக்கத்துக் கணக்கைப் பாருங்கள். ஒன்றரை கிரவுண்ட் என்றால் 3,600 சதுர அடி. சாதாரணமாகக் கிடைக்கும் எஃப்.எஸ்.ஐ., அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, 2. ஆக 7,200 சதுர அடி கட்டலாம், உங்கள் பாதி 3,600. நால்வருக்கும் தலைக்கு 900 சதுர அடி ஃபிளாட், அதுவும் மயிலாப்பூரில். பழைய வீடு இருக்கிறபடியே இருந்தால் அதே நால்வருக்குக் கிடைப்பது ஒரு கூரையும் வருடா வருடம் ஒரு சண்டையும்தான். அவர்களிடம் தியாகம் கேட்டுப் பிரயோசனமில்லை, மாற்றுத் திட்டத்தோடு போங்கள்.

அந்தப் பக்கத்து வீடுகள் பல, முகப்பு குறுகி ஆழம் நீண்டவை. திண்ணை, ரேழி, முற்றம், கூடம் உள்ள முன்கட்டை வைத்துக்கொண்டு, பின்கட்டும் கொல்லையும் இருக்கும் இடத்தில் மூன்று மாடி எழுப்ப முடியுமா என்று ஒருவரை வரைந்து பார்க்கச் சொல்லுங்கள். பரப்பு குறையும். கார் எங்கே நிற்கும், பக்கவாட்டில் வழி உண்டா என்பதில்தான் பெரும்பாலும் இந்த யோசனை அடிபடும். வழி இருந்தால் முன்கட்டை அலுவலகத்துக்கோ துணிக்கடைக்கோ வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்தை நால்வரும் பிரித்துக்கொள்ளலாம். இதை எண்களாகக் காட்டினால் அண்ணன்கள் காது கொடுப்பார்கள்.

அப்புறம், அக்கா "சரி" சொன்னதே போதும் என்று இருந்துவிடாதீர்கள். பூர்வீகச் சொத்தில் பெண்களுக்குச் சம உரிமை தமிழ்நாட்டில் 1989-லேயே வந்துவிட்டது. எந்த முடிவானாலும் பத்திரத்தில் அவர் கையெழுத்து வேண்டும்.

அடையாறிலிருந்து: பாரம்பரியப் பட்டியலில் வீட்டைச் சேர்த்துவிட்டால் விற்கவே முடியாதாமே?

விற்கலாம். இடிக்கவும் மாற்றவும்தான் அனுமதி கேட்க வேண்டும். ஆனால் உங்கள் பயம் ஆதாரமில்லாதது என்று சொல்ல மாட்டேன். மும்பை 1995-லேயே இதற்கு விதி கொண்டுவந்து, கட்ட முடியாமல் போகும் பரப்பை வேறு இடத்துக்கு மாற்றி விற்கும் உரிமையையும் வைத்தது. சென்னையில் இது நீதிமன்றம் வழியாகத்தான் நகர்ந்தது. அண்ணா சாலை பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006-ல் இடிக்கத் தொடங்கியபோது பாரம்பரியப் பாதுகாப்புக்கான இன்டாக் அமைப்பு வழக்குப் போட்டது. 2010-ல் உயர் நீதிமன்றம் கட்டடத்தைக் காப்பாற்றியது. தமிழ்நாட்டுப் பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-லேயே இயற்றப்பட்டது, நடைமுறைக்கு வரவோ பத்தாண்டுக்கு மேல் ஆனது.

என் கருத்து இது: பட்டியலில் போட்டுவிட்டு ஈடு எதுவும் தராமல் விடுவது, ஊர் முழுவதும் ரசிக்கும் கச்சேரிக்கு ஒரே ஒரு வீட்டுக்காரரிடம் டிக்கெட் காசு வாங்குவது மாதிரி.

திருவல்லிக்கேணியிலிருந்து: மெட்ராஸ் டெரஸ் கூரை ஒழுகுகிறது. வந்து பார்த்த இன்ஜினியர், "இதெல்லாம் தாங்காது, இடித்துவிடுங்கள்" என்கிறார்.

கூரைக்கு மேலே ஏறிப் பார்த்தாரா, கீழே நின்றே சொன்னாரா? பல கல்லூரிகளில் கான்கிரீட்டைத் தாண்டிச் சொல்லித்தருவதில்லை, அவரையும் குற்றம் சொல்வதற்கில்லை. இந்தக் கூரையில் தேக்கு உத்திரங்களின் மேல் சின்னச் செங்கற்களைக் குத்தவைத்து, மூலைவாட்டில், சுண்ணாம்புக் கலவையில் அடுக்கியிருப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து இறுக்கிய தளம், அதற்கும் மேல் தட்டை ஓடு.

கெடுவது பெரும்பாலும் உத்திரத்தின் நுனி, சுவருக்குள் நுழையும் இடம். ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே போனால் அந்த உத்திரம் போயிற்று. ஒன்றிரண்டை முட்டுக் கொடுத்து மாற்றலாம், கூரை முழுவதையும் பிரிக்க வேண்டாம். எல்லாமே மெத்தென்றால் இன்ஜினியர் சொன்னதுதான் சரி.

பெரிய தப்பு, ஒழுகும்போதெல்லாம் மேலே ஒரு சிமெண்ட் பூச்சு, அதற்கும் மேல் இன்னொரு அடுக்கு ஓடு என்று போட்டுக்கொண்டே போவது. பாரம் ஏறுகிறது. உள்ளே இறங்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் மரத்தை அரிக்கிறது. பழைய அடுக்குகளை எடுத்துவிட்டுச் சுண்ணாம்பிலேயே மறுபடி போடுங்கள். கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுங்கள். மழைத்தண்ணீர் இறங்கும் குழாயை ஐப்பசிக்கு முன்னால் சுத்தம் செய்யுங்கள். புதுச்சேரியின் பழைய நகராட்சிக் கட்டடமான மேரி (Mairie) பராமரிப்பில்லாமல் கிடந்து, 2014 நவம்பர் மழையில் விழுந்தது. அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டித் திறக்க 2021 ஆகிவிட்டது.

தாம்பரத்திலிருந்து: வாடகை கட்டுப்படியாகாமல் ஊருக்கு வெளியே வந்துவிட்டோம். நடு ஊரில் ஒரு குடும்பத்துக்கு முற்றமும் திண்ணையும் எதற்கு? இடித்து முப்பது பேர் குடியிருக்கட்டுமே!

நியாயமான கோபம், பாதிக்கு மேல் உங்களோடு ஒத்துப்போகிறேன். தாத்தா கட்டினார் என்பதற்காக எழுபதுகளின் சாதாரண கான்கிரீட் பெட்டியெல்லாம் பாரம்பரியம் ஆகிவிடாது. ஆனால் அங்கே எழும்பும் ஃபிளாட்டின் விலையை விசாரித்துப் பாருங்கள். அது உங்களுக்காகவோ எனக்காகவோ கட்டப்படுவதில்லை. தரைத்தளம் முழுக்கக் கார் நிறுத்துமிடம், வாசலில் இரும்புக் கேட். திண்ணை இருந்த தெருவில் உட்கார இடமில்லை.

நான் கேட்பது எல்லா வீட்டையும் அல்ல, வரிசையாக மிஞ்சியிருக்கும் தெருக்களை மட்டும். புதுச்சேரி வைசியாள் வீதியில் அப்படித்தான் வீட்டு முகப்புகளை வரிசையாகச் சீரமைத்தார்கள். 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதும் அதற்குக் கிடைத்தது. இருபுறமும் ஐந்து மாடி எழுந்து நடுவில் தனியாக மாட்டிக்கொண்ட வீட்டுக்கு நான் மல்லுக்கட்ட மாட்டேன்.

மாம்பலத்திலிருந்து: பக்கத்து மனையில் அடித்தளத்துக்குத் தோண்டப் போகிறார்கள். எங்கள் வீடு சுண்ணாம்புச் சுவர். பயமாக இருக்கிறது.

தோண்டும் முன்பே ஒவ்வொரு சுவரையும் தேதியோடு படமெடுத்து, இருக்கும் விரிசல்களைக் குறித்து, பில்டரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். பழைய வீடுகளின் அஸ்திவாரம் ஆழமில்லாதது. அதனால் உங்கள் பக்க மண் சரியாமல் தடுப்புக் கட்டிய பிறகே தோண்டச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். நிலத்தடி நீரை இரவும் பகலும் பம்ப் செய்து வெளியேற்றினால் உங்கள் தரை இறங்கலாம், அதையும் கவனியுங்கள்.

காரைக்குடியிலிருந்து: இடித்த வீட்டுத் தூண்களை வாங்கி நம் வீட்டில் வைப்பது பாதுகாப்புதானே அண்ணா?

தூணுக்குப் பாதுகாப்பு, வீட்டுக்கு அல்ல. வாங்க ஆள் இருப்பதாலேயே பிரிக்கப்படும் வீடுகளும் உண்டு தம்பி.

மந்தைவெளியிலிருந்து: இடிப்பது என்று முடிவாகிவிட்டது. அதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

வீட்டை அளந்து வரைபடம் போட்டு, அறை அறையாகப் படமெடுங்கள். தேக்கு, கதவு, கல் எல்லாவற்றுக்கும் தனியாக விலை பேசுங்கள். இல்லாவிட்டால் இடிக்கும் கான்டிராக்டர் "கழிவு" என்று அள்ளிக்கொண்டு போவார். மனை 500 சதுர மீட்டரைத் தாண்டினாலோ எட்டு ஃபிளாட்டுக்கு மேல் வந்தாலோ ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு கட்டாயம். கட்டி முடியும்வரை வாடகை யார் தருவது, தாமதமானால் என்ன என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். வருமான வரிக்கு ஆடிட்டரைக் கையெழுத்துக்கு முன்பே பாருங்கள், பிறகல்ல. கிணறு இருந்தால் மூட விடாதீர்கள். மழைநீர் சேகரிப்பு எப்படியும் கட்டாயம், மொட்டைமாடித் தண்ணீரை அதிலேயே இறக்கலாம். இதையும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதச் சொல்லுங்கள்.