யாரைக் கேட்டுச் ‘சரி’ என்றீர்கள்?

கேள்வி: அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் வேலை பார்க்கும் என் மகள், மார்மன் என்ற கிறிஸ்தவச் சபையில் சேர்ந்துவிட்டாள். காபி, டீ தொடுவதில்லை. ஆலயத்தில் ரகசியச் சடங்காம், அதற்கென்று தனி உள்ளாடையாம். எல்லாமே ஃப்ரீமேசன்கள் என்ற ரகசியச் சகோதரச் சங்கத்தாரிடம் இரவல் வாங்கியது என்று ஆதாரம் திரட்டி அனுப்பினேன், அசையவில்லை. போன வாரம்கூட, மீனாட்சியைக் கும்பிடாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காத என் அம்மாவின் (2016-ல் தவறிவிட்டார்) பிறந்த தேதி, ஊர் எல்லாம் கேட்டு, “அம்மாச்சிக்காகச் செய்யலாமா?” என்றாள். ஏதோ குடும்ப மரமாம், சரி என்று போட்டேன். அண்ணன், தங்கையிடம் இதையெல்லாம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அவள் கண்ணை எப்படித் திறப்பது?
– மதுரை வாசகி

பதில்: மகளின் கண் இருக்கட்டும். அந்தச் ‘சரி’யை முதலில் பேசுவோம். என்ன செய்யப் போகிறாள் என்று நீங்கள் கேட்கவே இல்லையே அம்மா! அவள் கேட்டது, இறந்துபோன உங்கள் அம்மாவின் பெயரில் ஞானஸ்நானம் எடுக்க.

பெயர், பிறந்த இறந்த விவரங்களைச் சபையின் வம்சாவளி ஏட்டில் ஏற்றி, அந்தப் பெயருக்கு ஒரு சீட்டு எடுப்பார்கள். ஆலயத்தில் பன்னிரண்டு காளைச் சிலைகள் தாங்கும் தொட்டியில், வெள்ளை உடுத்திய ஒரு பெண் இறங்குவாள். பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண். உங்கள் அம்மாவின் பெயரைச் சொல்லி அவளை முழுக்க முக்கி எடுப்பார்கள். தலைமுடியோ துணியோ நீருக்கு மேல் தெரிந்தால் மறுபடியும் முக்குவார்கள். அதோடு முடிவதில்லை. மற்ற ஆலயச் சடங்குகளும் அதே பெயருக்கு ஒவ்வொன்றாக நடக்கும். ஏற்பதும் மறுப்பதும் இறந்தவரின் ஆன்மாவின் விருப்பம் என்பது அவர்கள் நம்பிக்கை.

நீங்கள் திரட்டியது பொய்யில்லை. சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1842 மார்ச் 15-ல் இலினாய் மாநிலத்து நாவூ ஊரில் ஃப்ரீமேசன், சுருக்கமாக மேசன், ஆனார். ஏழே வாரத்தில், மே 4-ல், செங்கல்லால் கட்டிய தன் கடையின் மாடியில், நீங்கள் சொல்லும் அந்த ரகசிய ஆலயச் சடங்கை, ‘எண்டோமென்ட்’டை, தொடங்கினார். கைப்பிடி அடையாளம், இடுப்பு ஏப்ரன், உள்ளாடையில் மேசன்களின் சின்னங்களான மூலைமட்டமும் கவராயமும் என எல்லாவற்றிலும் மேசன் சாயல் உண்டு. ரகசியத்தை உடைத்தால் உயிர் போகும் என்ற பாவனையை 1990-ல் சபையே நீக்கியது. மேசன் ஒற்றுமையைச் சபையே ஒப்புக்கொண்டு எழுதியும் இருக்கிறது. அதைச் சொல்லி அவளை அசைக்க முடியாது.

ஆனால் இறந்தவருக்கான ஞானஸ்நானம் 1840-லேயே, ஸ்மித் மேசன் ஆகும் முன்பே, மிசிசிப்பி ஆற்றில் தொடங்கிவிட்டது. பைபிளில் அவர்கள் அதற்குக் காட்டுவது முதலாம் கொரிந்தியர் 15:29. உங்கள் அம்மாவைத் தொடும் இந்த ஒரு சடங்கைப் பற்றி உங்கள் ஆதாரத்தில் ஒரு வரிகூட இருந்திருக்காது. 1842-ஐத் தோண்டிய நீங்கள், உள்ளங்கையில் இருந்த செய்தியைப் படிக்கவில்லை.

உங்கள் மகள் படித்திருக்கிறாள். பிறந்து 110 ஆண்டு ஆகாதவர் என்றால், உயிரோடிருக்கும் நெருங்கிய உறவின் சம்மதம் வேண்டும் என்பது சபை விதி. கணவர் இல்லாவிட்டால் பிள்ளைகளிடம் கேட்கலாம். ஒளித்துச் செய்யாமல் கேட்டாளே, அந்த மரியாதையை நீங்கள் கண்டுகொள்ளவே இல்லை.

பிள்ளைகளில் ஒருவர் தலையாட்டினால் சபைக்குப் போதும். எனக்குப் போதாது. பெற்றவள் மூன்று பேருக்கும் தாய். கூச்சத்தை விட்டு இன்றே அண்ணனுக்கும் தங்கைக்கும் போன் செய்து, மேலே சொன்னதை அப்படியே சொல்லுங்கள். என்னைக் கேட்டால், வாழ்நாளெல்லாம் மீனாட்சியைக் கும்பிட்டவரின் பெயரை, அவர் வாய்திறந்து கேட்காத சடங்கில் சொல்லக் கூடாது. முடிவு உங்கள் மூவருடையது.

வேண்டாம் என்றால் மகளுக்கு இரண்டே வரி எழுதுங்கள்: “என்னவென்று கேட்காமல் சரி சொன்னது என் தப்பு. அம்மாச்சியின் பெயரில் எடுத்த பதிவை ரத்து செய்.” சீட்டு ஆலயத்துக்குப் போகும் முன் ரத்து செய்துவிடலாம், அதனால் நாள் கடத்தாதீர்கள். மேசன் பேச்சு அதில் வேண்டாம். அம்மாவின் திதி இந்த வருஷம் என்றைக்கு வருகிறது என்பதை மட்டும் சேர்த்து எழுதுங்கள்.